சூசை சார் உரித்த வெங்காயம்

செய்தி வந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட அது மேல். நான் சூசை சாரைப் போல நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

பயிற்சிக்குப் புதிதாக ஒன்பது பேர் வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. சார் நெஞ்சு வலி என்று லீவில் இருந்தார். "ஒங்க சார் எப்படி இருப்பாருன்னு காட்டட்டா?" என்று கேட்டு, ஆபீஸ் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த அவருடைய குடையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டேன். சாமான் அறையைப் பூட்டினேன். பத்து அடி நடந்தேன். நின்றேன். நெஞ்சில் கை வைத்தேன். திரும்பி வந்து பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். மறுபடியும் பத்து அடி நடந்து, மறுபடியும் திரும்பி வந்து, குனிந்து பூட்டிடமே, "ஏம்ப்பா, பூட்டிதான இருக்க?" என்று கேட்டேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போது போன் அடித்தது.

"அக்கா, நான் வேம்பு பேசறேன், பெரம்பலூர் ஆஸ்பத்திரிலேர்ந்து. சார் காலையில தவறிட்டாருக்கா. அவரு வீட்டம்மா பக்கத்துலதான் இருக்காங்க. ஊருக்குக் கொண்டு போக வண்டி சொல்லியாச்சு. நீங்க பதறாம கெளம்பி வாங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். குடை இன்னும் அக்குளில் இருந்தது. அதுவும் நடிப்பில் சேர்த்தி என்று நினைத்து அவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னை அறிந்தவர்களுக்கு இது பெரிய ஆச்சரியமாக இருக்கும்.

இதைப் படிக்கப்போகிறவர்கள் பெரும்பாலும் எங்கள் பயிற்சி மையத்தில் மூன்று மாதம் தங்கிப் போனவர்கள், அவர்களைப் பெற்றவர்கள். உங்களுக்கு நான் சமையல் பாக்கியம். மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். அதுவும் காலாண்டுப் பரீட்சையோடு சரி. நினைவு மலருக்காகச் சாரைப் பற்றி ஆளுக்கு ஒன்று எழுதித் தரச் சொன்னபோது, நீங்கள் எல்லோரும் வகுப்பில் பார்த்த சாரைப் பற்றித்தான் எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அடுப்படியில் இருந்த சாரை நான் ஒருத்திதான் பார்த்தேன். அதனால் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். நான் உங்களைப் பார்த்துச் சிரித்ததில் கொஞ்சம் கழிந்துபோகட்டும்.

நானும் அவரும் ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். பெரம்பலூர் தனி மாவட்டமாகி அதிக நாள் ஆகவில்லை. பிறகு அரியலூரைப் பிரித்தார்கள், பிறகு சேர்த்தார்கள். எங்கள் பெயர்ப்பலகையில் மாவட்டத்தின் பெயரை அழித்து எழுதி அழித்து எழுதியே அந்தப் பெயிண்டர் வீடு கட்டிவிடுவார் என்று நான் சொன்னேன். சார் சிரிக்கவில்லை. "இனிமே சாக்பீஸ்ல எழுதிக்கலாமா பாக்கியம்மா?" என்றார். அதையும் கவலையாகத்தான் கேட்டார். மேகம் இல்லாத சித்திரை மாதத்தில் குடையோடு வரும் மனிதர் அவர். பஸ்ஸில் ஏறினால் இறங்கவேண்டிய ஊருக்கு மூன்று ஊர் முன்னாலேயே எழுந்து நின்றுகொள்வார். வரதராஜன்பேட்டைப் பக்கம் அவருக்குச் சொந்த ஊர். அங்கே போய்ச் சேர்ந்ததும் எங்களுக்குப் போன் செய்து, "நான் வந்து சேந்துட்டேன். அங்க அடுப்ப அணைச்சிட்டீங்களா?" என்று கேட்பார்.

இப்படிப்பட்டவர்தான் உங்களுக்குத் தைரியம் சொல்லிக்கொடுத்தார்.

தையல், கம்ப்யூட்டர், மின்சார வேலை எல்லாம் மற்றவர்கள் நடத்தினார்கள். சாருடைய வகுப்புக்கு அட்டவணையில் 'வாழ்க்கைத் திறன்' என்று பெயர். அதில் புத்தகம் கிடையாது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, அவ்வளவுதான். கேட்பது எப்படி, முடியாது என்று சொல்வது எப்படி, புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்வது எப்படி, திட்டு வாங்கிய பிறகும் அதே இடத்தில் நின்று மறுபடி கேட்பது எப்படி, இவைதான் பாடம். மேசைக்கு அந்தப் பக்கம் ஆபீசராக உட்கார ஆள் தேவைப்பட்டது. சார் உட்கார்ந்து பார்த்தார். பிள்ளைகள் கேட்பதற்கு முன்னாலேயே, "சரிப்பா, தந்துடறேன், உக்காரு, தண்ணி குடிச்சியா?" என்றார். அப்படி ஓர் ஆபீசரை யாரும் பார்த்ததில்லை என்பதால் என்னை அடுப்படியிலிருந்து கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு அந்த நாற்காலி எனக்கே ஆகிவிட்டது. உங்களுக்கு நினைவிருக்கும். மூக்கில் கண்ணாடி இல்லாமலேயே கண்ணாடிக்கு மேல் பார்ப்பேன். "என்னா வேணும்? வாயில கொழுக்கட்டையா? எந்த ஊரு? ஓ, அந்த ஊரா, அதான் இப்படி நிக்கிற. போ போ, நாளைக்கு வா." எத்தனை பேர் அழுதீர்கள், எத்தனை பேர் கோபத்தில் மேசையைத் தட்டினீர்கள் என்று எனக்கு இன்னும் கணக்கு இருக்கிறது. சார் ஓரமாக நின்று, "அழுவலாம். அழுதுட்டு மறுபடி கேளு" என்பார். "பாக்கியம்மாகிட்ட நின்னுட்டா தாசில்தார்கிட்ட நின்னுடலாம்" என்றும் சொல்வார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் மாதக் கடைசியில் 'தனி நாள்' வரும். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. இதற்கு முன் போகாத ஒரு ஊருக்கு, போகாத ஒரு ஆபீசுக்குத் தனியாகப் போய், கேட்டு, முடித்து, ஐந்து மணிக்குள் திரும்பவேண்டும். துணை கிடையாது. மையத்தின் போன் நம்பர் எழுதிய ஒரு சீட்டு மட்டும் கையில் இருக்கும். ஆபத்து என்றால் மட்டும் கூப்பிடலாம். அனுப்பும்போது சார் ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: "பயப்படலாம். பயந்துக்கிட்டே போகலாம். போகாம மட்டும் இருக்கக்கூடாது."

அனுப்பிவிட்டு நேராக அடுப்படிக்கு வருவார். ஆபீசில் அவரால் உட்கார முடியாது. "ஏதாவது வேலை இருந்தா குடுங்க பாக்கியம்மா" என்பார். ஒரு நாள் சின்ன வெங்காயக் கூடையைத் தள்ளினேன். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. கடைசி ஆள் திரும்பி வரும்வரை உரிப்பார். சாம்பாரில் வெங்காயம் மிதந்தால் அன்று யாரோ வெளியே போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். உரித்துக்கொண்டே இருப்பார், நடுவில் எழுந்து ஓடிப்போய்ப் போன் ரிசீவரைத் தூக்கிச் சத்தம் வருகிறதா என்று பார்ப்பார்.

"சார், நீங்க இப்படித் தூக்கித் தூக்கிப் பாத்தீங்கன்னா, அதுங்க கூப்பிடுற நேரத்துல லைன் கெடைக்காதே?" என்று ஒரு தடவை கேட்டேன். விளையாட்டுக்குத்தான் கேட்டேன். முகம் வெளுத்துவிட்டது. அதன் பிறகு ரிசீவரைத் தொடமாட்டார். பக்கத்தில் போய் நின்று பார்த்துவிட்டு வருவார்.

அவர் என்மேல் கோபப்பட்டது ஒரே ஒரு தடவை. இருபது வயதுப் பையன் ஒருவனுக்குத் தனி நாளில் சிமெண்ட் ஆலை வாசலில் போய் வேலை கேட்கவேண்டும் என்று இருந்தது. ஆள் பனைமரம் உயரம், பேச்சு மட்டும் வராது. எனக்கு மனசு கேட்கவில்லை. ரேஷன் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறினேன். இரண்டாவது ஸ்டாப்பிலேயே அவன் என்னைப் பார்த்துவிட்டான். "அக்கா, நீங்களும் அங்கதானா?" என்று முகமெல்லாம் மலர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஆலை வாசலில் அவன் என் முதுகுக்குப் பின்னால் நின்றான், நான் வாட்ச்மேனிடம் பேசினேன். எனக்குப் பேசவா தெரியாது? விண்ணப்பம் வாங்கிக்கொண்டு வெற்றியோடு திரும்பினோம்.

சார் விண்ணப்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரல் உயரவில்லை. "நீங்க போயிட்டு வந்துட்டீங்க பாக்கியம்மா. அவன் இன்னும் போவல" என்றார். இரண்டு நாள் என்னிடம் குழம்பு கேட்கவில்லை, ரசம் மட்டும் ஊற்றிக்கொண்டார். அடுத்த வாரம் அந்தப் பையனை மறுபடி அனுப்பினார். இவரும் அன்று மூன்று கிலோ உரித்தார்.

வேம்புவின் கதைக்கு வருகிறேன்.

வேம்பு ஆண்டிமடத்துக்கு அந்தப் பக்கம் முந்திரிக்காட்டு ஊர்ப் பெண். பத்தாம் வகுப்பில் கணக்கில் போய்விட்டது. வயது பதினெட்டு. அவள் பேசினால் பக்கத்தில் இருக்கும் ஆளுக்கும் கேட்காது. அவள் அப்பா கோவிந்தசாமி அவளைக் கொண்டுவந்து விட்ட அன்றே சொல்லிவிட்டார்: "மச்சான் மவனுக்கு வைகாசியில பேசியாச்சு சார். அதுவரைக்கும் எதோ கத்துக்கட்டும். ஒரு சின்ன பேரு கெட்டுச்சுன்னாலும் அன்னிக்கே கூட்டிட்டுப் போயிடுவேன்." வேம்புவுக்கு வேறு ஆசை இருந்தது. ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குத் துணை வேலை செய்யும் பயிற்சி ஒன்று பெரம்பலூரில் இருந்தது. அதில் சேரவேண்டும். அதை அவள் என்னிடம் சொல்லவே ஒரு மாதம் ஆனது. அவளுடைய தனி நாளுக்கு அதையே வேலையாக வைத்தார் சார். போய், விண்ணப்பத்தை நேரில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வரவேண்டும். கொடுக்கக் கடைசி நாளும் அதே நாள்தான்.

ஒத்திகையில் அவள் ஒரு தடவைகூடத் தேறவில்லை. நான், "நாளைக்கு வா" என்பேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். நாலு தடவை செய்தோம், நாலு தடவையும் போய்விட்டாள். "ஏண்டி, நான் போன்னா போயிடுவியா? நான் சொன்னா கெணத்துலயும் குதிப்பியா?" என்று கேட்டேன். அதற்கும் தலையைக் குனிந்தாள். "சார், இவ வேணாம், அடுத்த மாசம் அனுப்புவோம்" என்றேன். "அடுத்த மாசம் வைகாசி, பாக்கியம்மா" என்றார்.

காலை எட்டரை பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். எங்கள் மையம் பெரம்பலூர் சாலையிலேயே இருப்பதால் பஸ் வாசலில் நிற்கும். ஏறும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பயத்தில் என்றுதான் நான் நினைத்தேன். சார் அடுப்படிக்கு வந்து கத்தியை எடுத்தார்.

மூன்று மணிக்கு ஒரு பை நிறைய முந்திரிப்பழத்தோடு கோவிந்தசாமி வந்து நின்றார். சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். பழத்தின் சாறு வழிந்து சட்டையில் கறை.

"பாப்பா எங்கம்மா?"

"தொவைக்கப் போயிருக்குண்ணே" என்றது என் வாய். என் வாய் எப்போதும் என்னைக் கேட்டுவிட்டுப் பேசுவதில்லை.

உள்ளேயிருந்து சார் வந்தார். கையில் கத்தி, கண் இரண்டும் சிவந்து தண்ணீர் வழிகிறது.

"இல்லைங்க. தொவைக்கப் போவல. பெரம்பலூருக்குப் போயிருக்கு. தனியா. நாந்தான் அனுப்புனேன்."

கோவிந்தசாமி அவர் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த பை நழுவியது. "ஏன் சார் அழுவுறீங்க? எம் பொண்ணுக்கு என்னா ஆச்சு?"

"வெங்காயங்க."

"என்னாது?"

"வெங்காயம் உரிச்சேங்க. புள்ளைக்கு ஒண்ணுமில்ல. அஞ்சு மணிக்கு வந்துடும்."

"கூட யாரு?"

"யாருமில்லைங்க."

"ஆம்பளப் புள்ளைங்களே ஆண்டிமடத்தத் தாண்டுனா வழி தெரியாம முழிக்குது. அது தெருவுல தலை நிமுந்து நடக்காத புள்ள சார்!"

"அதனாலதாங்க அனுப்புனேன்" என்றார் சார். தைரியமாகச் சொன்னார். கண் மட்டும் போன் பக்கம் போனது.

கோவிந்தசாமி என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, எம் பொண்ணு துணிமணிய எடுத்து வை. அஞ்சு மணிக்கு வந்தாலும் சரி, கூட்டிட்டுப் போறேன். வரலன்னா..."

நான் துணியை எடுத்து வைக்கவில்லை. டீ போட்டேன். அவர் குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் வாசலில் நின்றார், கொஞ்ச நேரம் சுவர் ஓரமாக உட்கார்ந்தார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்படிக்குள் வந்து, ஓரமாகக் கிடந்த இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு சாருக்கு எதிரே குந்தி, அவரும் வெங்காயம் உரிக்க ஆரம்பித்தார். மூன்று பேரும் உரித்தோம். முந்திரிப்பழ வாசமும் வெங்காய நெடியும் சேர்ந்து தலையைச் சுற்றியது. நான் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டேன். சாருடைய உதடு அசைந்ததைப் பார்த்தால் ஏலாக்குறிச்சி மாதாவிடம் பேசிக்கொண்டிருந்தார் போலிருந்தது. என் வாழ்க்கையில் நான் கேலி பேசாமல் கழித்த நீளமான மத்தியானம் அதுதான்.

ஐந்து மணி பஸ் வந்தது. மூன்று பேரும் எழுந்து வாசலுக்கு ஓடினோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்கினார்கள். ஒரு மூட்டை இறங்கியது. பஸ் போய்விட்டது.

"சார், மையத்து வண்டிய எடுத்துக்கிட்டு நான் பின்னாடி உக்காந்துக்கறேன், யாராவது ஓட்டட்டும், ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடுவோம்" என்றேன். கோவிந்தசாமி, "கெளம்புங்க சார், நானும் வரேன்" என்றார்.

சார் குடையை எடுத்துக்கொண்டார். கேட் வரைக்கும் போனார். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தார்.

"அஞ்சே முக்கா பஸ்ஸப் பாத்துடுவோங்க. அதுலயும் வரலன்னா போவோம். நான் இப்பப் பின்னாடி போனா, அவளால முடியாதுன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும். அவ திரும்பி வந்தாலும் அது மாறாது." பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாக, "பாக்கியம்மா, வெங்காயம் இன்னும் இருக்கா?" என்றார்.

ஐந்தே முக்கால் பஸ்ஸில் முதலில் ஒரு பாட்டி இறங்கினார், கையில் கோழி. அதன் பின்னால் இரண்டு பேர். அதன் பின்னால் வேம்பு இறங்கினாள். ஒரு செருப்பு காலில், வார் அறுந்த ஒரு செருப்பு கையில்.

அப்பாவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். கோவிந்தசாமி அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். நான்தான் கேட்டேன்: "ஏண்டி இவ்ளோ நேரம்?"

"அந்த ஆபீஸ் சார் நாளைக்கு வான்னாருக்கா."

"அப்புறம்?"

"இன்னிக்குத்தான் கடைசி நாள் சார்னேன். அப்படித்தான் சொல்லுவீங்க எல்லாரும், போன்னாரு. சரி சார், நான் உக்காந்திருக்கேன்னேன்."

"அதுக்கு என்னா சொன்னாரு?"

"ஒன் இஷ்டம்னாரு. உக்காந்தேன். சாப்பிடப் போனாரு, வந்தாரு, நான் உக்காந்திருந்தேன். நாலரைக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க பண்ற அளவுக்கு அவருக்குக் கேலி பண்ண வரலக்கா" என்றாள்.

கோவிந்தசாமி கிட்டே வந்தார். "ஒரு போன் பண்ணக்கூடாதா ஆயி?"

"ஆபத்துன்னாத்தான் பண்ணச் சொன்னாங்கப்பா. ஆபத்து ஒண்ணுமில்லயே. லேட்டுதான்."

அவர் ஒப்புகைச் சீட்டை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இதுல என்னா போட்டிருக்கு?" என்று கேட்டார். அவள் படித்தாள். தன் பெயர், அப்பா பெயர், ஊர், எந்தக் கிழமை நேர்முகம் என்பது வரைக்கும் படித்தாள். நான் அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டேன். எனக்கு அங்கே கேட்டது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் குரல் எனக்கு அடுப்படி வரைக்கும் கேட்டது.

"திங்கக்கெழமை நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார் அவர்.

"வேணாம்ப்பா. எனக்கு வழி தெரியும்."

வைகாசி பற்றி அன்று யாரும் பேசவில்லை. மனிதர் சாப்பிட உட்கார்ந்தார். முதல் கவளத்திலேயே, "ஏம்மா, இது சாம்பாரா, வெங்காயமா?" என்றார். "நீங்களுந்தாண்ணே உரிச்சீங்க" என்றேன்.

சார் மட்டும் சாப்பிட வரவில்லை. தேடிக்கொண்டு போனேன். கிணற்றடியில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் மொண்டு கொடுத்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு, "இனிமே ஒருத்தரையும் அனுப்ப மாட்டேன் பாக்கியம்மா. எனக்கு ஒடம்பு தாங்காது" என்றார். அடுத்த வாரம் ஏழு பேரை அனுப்பினார். சாருடைய எல்லாவற்றையும் நான் நடித்துக் காட்டியிருக்கிறேன், அவர் முன்னாலேயே காட்டியிருக்கிறேன். கிணற்றடியை மட்டும் யாருக்கும் காட்டியதில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

கடைசி நாளில் அவர் இருந்த ஆஸ்பத்திரியில்தான் வேம்பு வேலை பார்க்கிறாள். வேலை நேரம் முடிந்தும் அவள் போகவில்லையாம். "பஸ்ஸுக்கு நேரமாச்சுல்ல, நீ கெளம்பும்மா, இருட்டிடப் போவுது" என்று சார் சொல்லிக்கொண்டே இருந்தாராம். "நான் உக்காந்திருக்கேன் சார்" என்றாளாம். அடக்கம் எல்லாம் முடிந்த பிறகு, அவர் வீட்டு வாசலில் வைத்து என்னிடம் சொன்னாள். அழவில்லை. நான் அழுததில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஆகிவிட்டது.

அன்று உங்களில் நிறையப் பேர் வந்திருந்தீர்கள். திருப்பூரிலிருந்து, சென்னையிலிருந்து, சிமெண்ட் ஆலைகளிலிருந்து, யாரும் யாரையும் சேர்த்துக்கொண்டு வராமல், ஆளாளுக்கு ஒரு பஸ்ஸில் வழி கேட்டு வந்து இறங்கினீர்கள். அந்தப் பனைமர உயரப் பையன் சவப்பெட்டியைத் தூக்கினான். பார்த்திருந்தால் சார், "எல்லாரும் பத்திரமா திரும்பிடுவாங்களா?" என்றுதான் கேட்டிருப்பார்.

அவருடைய குடை என்னிடம் இருக்கிறது. அவர் வீட்டம்மா வைத்துக்கொள்ளச் சொன்னார். ஆனால் நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டது என்று சொல்வதானால், பின்னாலேயே போகாமல் இருப்பது. எனக்கு அது இன்னும் பழகவில்லை. அது பழகாது என்று அவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

போன வாரம் புதிய பிள்ளைகளுக்குத் தனி நாள். சார் இல்லாமல் நடத்தவேண்டுமா என்று மேலிடத்தில் யோசித்தார்கள். வேம்பு லீவு போட்டுவிட்டு வந்து, ஒன்பது பேரையும் வாசலில் நிறுத்தி, பயந்துக்கிட்டே போகலாம் என்று சொல்லி அனுப்பினாள். பிறகு அடுப்படிக்கு வந்தாள். நான் ஒரு கத்தியைக் கொடுத்தேன். கடைசிப் பெண் ஐந்தே முக்கால் பஸ்ஸில் வந்தாள்.

அன்று சாம்பாருக்குப் பருப்பு வேகப்போட மறந்துவிட்டேன். புளித்தண்ணீரும் நாலு கிலோ வெங்காயமும் இருந்தன. எல்லோரும் சாப்பிட்டார்கள். ஒரு பெண் இரண்டாம் தடவை கேட்டாள். ஊற்றினேன்.